கண்ணாடிக் கதவு எதற்கு?

அன்புள்ள ஐயா,
சுங்கை சிப்புட்டில் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். கூடத்தில் ஏழடி உயரப் புத்தக அலமாரிக்குச் சொல்லியிருக்கிறேன். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. தூசியும் பிள்ளைகளின் கையும் படாமலிருக்கக் கண்ணாடிக் கதவும் பூட்டும் போட முன்பணம் கொடுத்தாயிற்று. தமிழ், மலாய், ஆங்கிலம், எதில் தொடங்கலாம்? புத்தகச் செலவை வரியில் கழிக்கலாமாமே? வாசிப்பைக் கொண்டாடும் வீடாக இது இருக்க வேண்டும்.
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

வரியை முதலில் முடித்துவிடுகிறேன். வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் கழிவில் புத்தகமும் சேரும், ரசீதை வைத்திருங்கள். கைப்பேசியும் அதே கணக்கில்தான் வருகிறது. எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று மொழியிலும் வாங்குங்கள். பிள்ளைகள் குழம்பமாட்டார்கள்.

இனி அந்தப் பூட்டு. கடிதத்தில் அலமாரியின் உயரம் இருக்கிறது, ஒரு புத்தகத்தின் பெயர்கூட இல்லை. யாருக்குப் பயந்து பூட்டுகிறீர்கள்? திருடன் புத்தகத்தைத் தொடமாட்டான். அப்படியானால் உங்கள் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பூட்டு. நம் ஊர் ஈரத்துக்குக் காற்றில்லாமல் மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். கதவு வேண்டாம், சுவரைவிட்டு மூன்று விரல் தள்ளி வையுங்கள். கீழ்த்தட்டு இரண்டும் பிள்ளைகளுக்கு. பையன் கிழிப்பான். கிழிக்கட்டும், ஒட்டிக்கொள்ளலாம்.

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் வளர்ந்தவன். அலமாரியாவது ஒன்றாவது! 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழ்தான் எங்களுக்கு எல்லாம். ஞாயிறு பதிப்பு ஒன்று வரும், அதுவும் மறுநாள், மொத்த வரிசைக்கும் சேர்த்து. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பால் வெட்டி வந்து வாளியைக் கழுவிக் கவிழ்த்ததும் வீட்டு முன் அஞ்சடித் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து வீட்டு மாமா தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பார். மாமியார் மருமகளை அடிக்கும் இடம் வந்தால் அம்மா ஏச ஆரம்பித்துவிடுவாள். "அக்கா, நான் எழுதலக்கா, படிக்கத்தான் செய்றேன்" என்று மாமா கெஞ்சுவார். அடுத்த பதிப்பு வரும்வரை மரத்துக்கு மரம் அந்த மாமியார் பேச்சுதான். படித்து முடித்த தாள் பலகைச் சுவரில் ஒட்டப்படும். நான் எழுத்துக்கூட்டப் பழகியது அந்தச் சுவரில்தான். ஒரு கதை பாதியில் கிழிந்திருக்கும். மீதியை அம்மாவிடம் கேட்டால் வரி தவறாமல் சொல்வாள்.

நீங்கள் படித்தவர், உங்கள் கணவரும் படித்தவர் என்றே நினைக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேர் கையிலும் என்ன இருக்கிறது? கோபித்துக்கொள்ளாதீர்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் வாய்விட்டுப் படியுங்கள். தூங்கிவிட்டாலும் சரி, அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு எழுந்திருங்கள். அலமாரி வரும்வரை காத்திருக்க வேண்டாம், அட்டைப்பெட்டி போதும்.

அப்புறம், தச்சரிடம் இன்றே பேசுங்கள். முன்பணம் திரும்பி வராவிட்டால் அந்தக் கதவைப் பீங்கான் அலமாரிக்கு மாட்டச் சொல்லுங்கள். அதற்குப் பூட்டும் போட்டுக்கொள்ளலாம்.