பத்து மணிக்கு மேல் பொழுது போகவில்லை

கேள்வி: எனக்கு வயது 46. குடவாசல் பக்கம் கிராமம். கணவர் துபாயில், பிள்ளைகள் சென்னையில். காலை 10 மணிக்கெல்லாம் வீட்டு வேலை முடிந்துவிடும், அப்புறம் ராத்திரி வரை டிவி, செல்போன். அதுவும் சலித்துவிட்டது. போரடிக்கிறது என்றால், "உட்கார்ந்து சாப்பிடுகிற கொழுப்பு" என்கிறார் மாமியார். எனக்குத்தான் ஏதாவது கோளாறா?
- பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: கோளாறும் இல்லை, கொழுப்பும் இல்லை சகோதரி.

போரடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'போர்' இங்கிலீஷிலிருந்து வந்தது. நம் பக்கத்துப் போரடி வேறு. கதிர்க்கட்டை அடித்து நெல் எடுத்த பிறகு, அந்த வைக்கோலைப் பிரித்துக் களத்தில் பரப்பி, மாடுகளைப் பிணைத்து மிதிக்கவிட்டு, ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்ச நெல்லை உதிர்ப்பார்கள். சின்ன வயதில் நான் அந்த மாடுகளுக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். ஒருவர் ஓட்ட, ஒருவர் வைக்கோலைக் கிளறிவிட, பெண்கள் தூற்ற, யாராவது ஒரு கிழவி ஓயாமல் ஊர்க்கதை சொல்லிக்கொண்டே இருப்பாள். உடம்பு முறிகிற வேலைதான், கூலியும் குறைச்சல்தான், அந்தக் காலமே திரும்ப வரட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தது. இன்றைக்கு ஒரு ஏக்கரை மிஷின் ஒரு மணி நேரத்தில் அறுத்துவிட்டுப் போகிறது, நடவுக்கும் மிஷின் வந்தாயிற்று, மிச்சமான நேரம் முழுக்க வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆட்களும் போய்விட்டார்கள். குறுவை நெல்லுக்காக மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற தேதி ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவில்லை. குறுவை பொய்த்துப் பொய்த்து, ஆண்கள் திருப்பூர், வளைகுடா என்று கிளம்பினார்கள். 2020-ல் தண்ணீர் சொன்ன தேதிக்கு வந்தது, போனவர்களில் பலர் வரவில்லை.

இருக்கிற ஆண்களுக்காவது டீக்கடை பெஞ்சும் வாய்க்கால் மதகும் உண்டு. உங்களுக்கு என்ன இருக்கிறது? திண்ணையை இடித்து கிரில் கேட் போட்டாயிற்று. வீட்டுக்குள் பைப் வந்ததும் படித்துறைப் பேச்சும் நின்றது (பைப் வந்தது நல்லதுதான், குடம் சுமந்தவர்களுக்குத் தெரியும்). ஒரு பெண் சாயங்காலம் 5 மணிக்குச் சும்மா தெருவில் உட்கார்ந்தால், என்ன இங்கே என்று நாலு பேர் கேட்கிறார்கள். கூலிக்கு மட்டுமில்லை, கூட உட்கார்ந்து பேசுவதற்காகவும் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை எனக்குத் தெரியும்.

அதனால் தையல் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி உங்களை மறுபடி வீட்டுக்குள் அனுப்ப எனக்கு மனசில்லை. மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போங்கள், கடன் வேண்டாமென்றாலும் போங்கள். உளுந்துப் பறிப்பு இன்னும் பல வயல்களில் கையால்தான் நடக்கிறது, பங்குனியில் இறங்கிப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் வயதில் நடவிலோ படித்துறையிலோ யார் கூட இருப்பார்கள் என்று மாமியாரைக் கேளுங்கள். பெயர் சொல்வார். அதில் யாராவது இன்னும் ஊரில் இருந்தால், இன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.