முதல் சக்ரா: கேட்டதும் சொன்னதும்

1988 முதல் 1991 வரை நம்மிடம் இருந்த அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஐ.என்.எஸ். சக்ராவைப் பற்றிக் கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: அணுசக்தியில் ஓடுவது வேறு, அணுகுண்டு சுமப்பது வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கே: வாங்கியதா, வாடகையா?

ப: மூன்று வருடக் குத்தகை. சோவியத் கடற்படையில் கே-43 என்று 1967 முதல் ஓடிய கப்பல். வோல்கா கரையில், கோர்க்கி நகரில் கட்டியது. 1988 ஜனவரியில் விளாதிவோஸ்தோக்கில் நம் கொடி ஏறியது, பிப்ரவரியில் விசாகப்பட்டினம் வந்தது. முதல் கேப்டன் ஆர்.என். கணேஷ்.

கே: எத்தனை அணுகுண்டு இருந்தது சார்?

ப: ஒன்றுகூட இல்லை. மேலே சொல்லியிருக்கிறேன்.

கே: நம்மிடம்தான் டீசல் நீர்மூழ்கி இருந்ததே?

ப: டீசலுக்கு மூச்சு வேண்டும். பேட்டரி இறங்கினால் மேலே வந்து, குழாயை நீட்டிக் காற்றை இழுத்து சார்ஜ் ஏற்ற வேண்டும். எதிரி கண்ணில் படுவது அப்போதுதான். அணு உலைக்குக் காற்றே வேண்டாம். அரிசி பருப்பு தீரும்வரை கீழேயே கிடக்கலாம்.

கே: உலை அறைக்கும் ஏவுகணை அறைக்கும் ரஷ்யர்கள் நம்மவர்களை விடவில்லையாமே? அந்தச் சண்டையில்தான் திருப்பிக் கொடுத்தோமாமே?

ப: இந்தக் கதை பல வருடமாகச் சுற்றுகிறது. உலை ஓடும்போது அந்த அறைக்குள் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, ரஷ்யனும்தான். கதிர்வீச்சு. வெளியே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்துதான் ஓட்டுவார்கள். ஆகவே 'அறைக்குள் போகவில்லை' என்பதால் 'ஓட்ட விடவில்லை' என்று ஆகிவிடாது. மூன்று வருடக் கெடு 1991 ஜனவரியில் முடிந்தது, கப்பல் போனது.

கே: மழுப்புகிறீர்கள். ஏவுகணை அறைக்கு என்ன பதில்?

ப: முதலில் அப்படி ஓர் அறையைக் காட்டுங்கள்! இந்த வகைக் கப்பலில் எட்டு ஏவுகுழாய்கள், மூக்குப் பக்கம், பக்கத்துக்கு நான்காக, ஆட்கள் இருக்கும் அழுத்தக் கூட்டுக்கு வெளியே சாய்வாகப் பதித்தவை. நடுக்கடலில் அங்கே போக மீனாகப் பிறந்திருக்க வேண்டும்.

கே: அப்படியானால் ரஷ்யர்கள் யாருமே உடன் வரவில்லை என்கிறீர்களா?

ப: நான் எப்போது அப்படிச் சொன்னேன்? வந்தார்கள். அவர்கள் கப்பல், அவர்கள் உலை. பழக்கிக்கொடுக்க ஆள் வராமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்களா?

கே: 20 பேர் இறந்தது இதிலா?

ப: இல்லை. அது நெர்பா என்ற வேறொரு ரஷ்ய அணு நீர்மூழ்கி, 2008 நவம்பர். தீயணைக்கும் வாயு தப்பாகத் திறந்துகொண்டது, உலைக்குச் சம்பந்தமில்லை. 2012-ல் அதுவே இரண்டாவது சக்ரா.

கே: தமிழ்நாட்டுக்கு ஏதும் தொடர்பு?

ப: நல்ல கேள்வி. நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-ல் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் திறந்தார்கள். கப்பல் இல்லை, நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை ரேடியோ நிலையம். சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் இறங்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை சில மீட்டர் இறங்கும். அதை அனுப்பத்தான் அத்தனை உயரக் கோபுரங்கள். நாமே கட்டிய அணு நீர்மூழ்கி அரிஹந்த், அதன் உலையின் முன்மாதிரி கல்பாக்கத்தில் ஓடியது.

கே: ஏவுகணையிலாவது அணுகுண்டு...?

ப: இல்லை. மூன்றாவது ஆள் கேட்டால் பதில் கிடையாது.

கே: இப்போது எங்கே இருக்கிறது?

ப: திரும்பிப் போன கொஞ்ச காலத்திலேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.