விதை முளைக்கவில்லையா? கேளுங்கோ, சொல்கிறேன்

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி: அண்ணை, மிளகாய் விதை போட்டு ஒரு கிழமை ஆகிவிட்டது, ஒன்றையும் காணவில்லை. கிண்டிப் பார்க்கட்டா?

வேண்டாம் தங்கச்சி. மிளகாய் ஆறுதலாகத்தான் வரும், 14 நாள் வரைக்கும் பொறுங்கோ. மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாக இருக்கக்கூடாது. முளைக்காத விதையில் பாதி, ஆசையில் ஊற்றுகிற தண்ணீரால் அழுகினதுதான் என்பது என் எண்ணம்.

உரும்பிராய்த் தம்பி: பாகல் விதையை ஊறப்போட்டும் அசையவில்லை.

பாகலுக்குத் தோல் தடிப்பு. நகவெட்டியால் ஒடுங்கிய நுனியை மட்டும், உள்ளே இருக்கிற பருப்பில் படாமல் மெல்லக் கிள்ளிவிட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, பிறகு ஈரச் சீலைத் துண்டில் சுற்றி ஒரு டப்பாவுக்குள் மூடி வையுங்கோ. ஒவ்வொரு நாளும் திறந்து பாருங்கோ. வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்ததும் எடுத்து, வேர் முறியாமல், அரை அங்குல ஆழத்தில் படுக்க வைத்து மூடலாம். வெண்டிக்கு இந்தப் பாடு தேவையில்லை, இரவு ஊறினாலே போதும்.

வேலணை அக்கா: எங்கள் கிணறு உவர். என்ன செய்கிறது?

உப்புத் தண்ணீரில் விதையால் நீரை உறிஞ்ச முடியாது, அதுதான் பிரச்சினை. நாற்றுக்கு எவ்வளவு தண்ணீர் போகப்போகிறது அக்கா? மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, முளைக்கும் வரைக்கும் அதையே தெளியுங்கோ.

சாவகச்சேரியில் இருந்து: முளைத்த கத்தரி நாற்று அடி சூம்பிச் சரிகிறது.

நாற்றழுகல், பூஞ்சண வேலை. சரிந்தது திரும்ப எழும்பாது, பிடுங்கி எறியுங்கோ. அடுத்த முறை புதுத் தும்புச்சோறும் (தேங்காய்த் தும்பின் தூள்) கூட்டெருவும் கலந்து, ஐதாக விதைத்து, காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கோ. கார்த்திகை மழையென்றால் மேலே ஒரு மறைப்புப் போடத்தான் வேணும், ஆனால் காற்றை மறிக்காதையுங்கோ.

நல்லூர் ஐயா: போன வருசத்து வெங்காய விதை கிடக்கிறது, போடலாமா?

வெங்காய விதை கெதியில் செத்துப்போகும் ஐயா; தக்காளி என்றால் உலர்வாக வைத்திருந்தால் 4 வருசம்கூட நிற்கும். 10 விதையை ஈரக் கடதாசியில் மடித்து வைத்துப் பாருங்கோ. 7, 8 முளைத்தால் பயமில்லை, 4 என்றால் நெருக்கி விதையுங்கோ, அதற்கும் கீழே என்றால் புதுசு வாங்குகிறது நல்லது.

இணுவில் தம்பி: கடைப் பைக்கற்றில் விதை ரோஸ் நிறமாக இருக்கிறது, கழுவட்டா?

கழுவாதே தம்பி, அது பூஞ்சண மருந்து. ஊறவும் போடாதே, அப்படியே விதை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு, மிச்சத்தைக் கோழிக்குக் கொட்டிவிடாதே.