மாண்டிசோரின்னு போர்டு போட்டா போதுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல மாண்டிசோரி பத்திதான், அதாவது இத்தாலி டாக்டர் மரியா மாண்டிசோரி உருவாக்கின, சின்னக் குழந்தைங்க சாமான்களைக் கையாண்டு தாங்களாவே கத்துக்கற முறை. அட்மிஷன் நேரம் இல்லையா, அதான். பதினெட்டு வருஷமா மூணு வயசு, நாலு வயசு குழந்தைங்களோடதான் என் காலைப்பொழுது போகுது, அதை வச்சு எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன்.

கேள்வி (ஒரு அம்மா, தாம்பரம்): எங்க வீட்டைச் சுத்தி மூணு ஸ்கூல்ல மாண்டிசோரின்னு போர்டு இருக்கு. ஃபீஸ் மட்டும் மூணுலயும் வேற வேற. எது நிஜமான மாண்டிசோரின்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

பதில்: அந்தப் பேருக்கு யாரும் சொந்தக்காரங்க கிடையாதும்மா. அமெரிக்கால இது வழக்காவே போய், 1967ல இது பொதுப்பேரு, ஒரு அமைப்பு மட்டும் உரிமை கொண்டாட முடியாதுன்னு தீர்ப்பாயிடுச்சு. மாண்டிசோரி அம்மா 1929ல ஆரம்பிச்ச ஏ.எம்.ஐ.ங்கற சர்வதேச மாண்டிசோரி சங்கம் இன்னிக்கும் டீச்சர்களுக்கு ட்ரெய்னிங், டிப்ளமா எல்லாம் குடுக்குது, ஆனா ஊர் ஊரா போய் போர்டைக் கழட்ட அவங்களால முடியாது. அதனால போர்டை விட்டுடுங்க. காலைல ஒரு ஒன்பதரை மணிக்குப் போய், க்ளாஸ்ல ஒரு ஓரமா உக்காந்து அரை மணி நேரம் பாக்கலாமான்னு கேளுங்க. பாக்கவே விடமாட்டோம்னு சொன்னா அடுத்த ஸ்கூலுக்குப் போங்க.

உள்ள போனதும் டீச்சர் எங்கன்னு நீங்க தேடணும், அதுதான் முதல் அடையாளம். கரும்பலகைக்கு முன்னாடி நின்னு கத்திட்டு இருந்தா அது வேற ஸ்கூல். இங்க அவங்க ஏதோ ஒரு குழந்தை பக்கத்துல தரையில உக்காந்து மெதுவா ஏதாவது காமிச்சிட்டு இருப்பாங்க, இல்லன்னா சும்மா நோட்டும் கையுமா பாத்துட்டு இருப்பாங்க. மூணு, நாலு, அஞ்சு வயசுக் குழந்தைங்க ஒரே ஹால்ல இருக்கணும். ஒவ்வொருத்தரும் சின்ன பாயை விரிச்சுக்கிட்டு அவங்கவங்க வேலையைப் பாத்துட்டு இருக்கணும், நாப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை பெல் அடிச்சு எல்லாத்தையும் எடுத்து வைன்னு சொல்லக்கூடாது. ரெண்டரை மூணு மணி நேரம் தொடர்ச்சியா விட்டாதான் குழந்தைக்கு ஒரு வேலைல மனசு ஒட்டும். கைல ஸ்டார் ஒட்டறது, குட் பாய் முத்திரை குத்தறது, இதெல்லாம் இருக்கக்கூடாது.

இன்னொண்ணு சொல்றேன், இது நானா வச்சிருக்கற சோதனை. பிங்க் டவர்னு ஒரு சாமான் இருக்கும், பத்து மரக்கட்டை, பெருசு 10 சென்டிமீட்டர், ஒவ்வொரு சென்டிமீட்டரா குறைஞ்சு கடைசி கட்டை 1 சென்டிமீட்டர்தான். அந்தக் கடைசி கட்டை இருக்கான்னு பாருங்க. எப்பவும் காணாம போறது அதுதான், குழந்தைங்களுக்கு அது மேல அவ்ளோ ஆசை. எங்க க்ளாஸ்ல ஒரு தடவை ரெண்டு நாளா எல்லாரும் பாய்க்கு அடியில, அலமாரிக்குப் பின்னாடின்னு தேடினோம், மூணாம் நாள் ஒரு பாப்பாவோட அம்மா யூனிஃபார்ம் துவைக்கும்போது பாக்கெட்ல கிடைச்சுதுன்னு கொண்டுவந்து குடுத்தாங்க. அது இல்லாம டவர் முடியாது, முடியலைன்னு குழந்தைக்கே தெரியும். அதைத் தேடாம விட்ட க்ளாஸ்ல அந்த சாமான் வெறும் அலங்காரத்துக்கு நிக்குதுன்னுதான் அர்த்தம்.

கேள்வி (ஓய்வுபெற்ற தாத்தா, காரைக்குடி): மாண்டிசோரி அம்மா சென்னைல இருந்தாங்க, போர் சமயத்துல காவல்ல வச்சிருந்தாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: நிஜம்தாங்க ஐயா. 1939 கடைசில, 69 வயசுல, மகன் மரியோவோட சென்னை அடையாறுல இருக்கற தியாசபிகல் சொசைட்டிங்கற ஆன்மிக அமைப்புக்கு வந்தாங்க. அப்போ அங்க தலைவரா இருந்த ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும்தான் கூப்பிட்டிருந்தாங்க. முதல் கோர்ஸுக்கே 300 பேர் கிட்ட வந்தாங்க. அம்மா இத்தாலி பாஷைல பேச, மகன் பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்வாராம். கொஞ்ச மாசம் இருந்துட்டு கிளம்பறதா இருந்தவங்க, 1940 ஜூன்ல இத்தாலி போர்ல இறங்கினதும் எதிரி நாட்டுக்காரங்களா ஆயிட்டாங்க. மகனைக் கொண்டுபோய் முகாம்ல அடைச்சிட்டாங்க, அம்மாவை சொசைட்டி வளாகத்தை விட்டு வெளிய போகக்கூடாதுன்னுட்டாங்க. ஆகஸ்ட் 31 அவங்களோட 70வது பிறந்தநாள், அன்னிக்கு வைஸ்ராய் பிறந்தநாள் பரிசா மகனை விடுதலை பண்ணினார். அதுக்கப்புறம் கொடைக்கானல்ல ரெண்டு வருஷம் போல இருந்தாங்க. ஆறு வயசுக்கு மேல உள்ள குழந்தைகளுக்கு உலகம் முழுசையும் ஒரே கதையா, ஒண்ணோட ஒண்ணு பின்னினதா காட்டணுங்கற யோசனை அந்த மலைல, அங்க இருந்த செடி கொடி பூச்சிகளோட, குழந்தைங்களோட வளர்ந்ததுதான். 1946ல ஐரோப்பா போயிட்டு திரும்பவும் 1947ல வந்தாங்க. நம்ம மண்ணுல இவ்ளோ நடந்திருக்கு, நம்ம பிள்ளைங்களுக்கு யாரும் சொல்றதே இல்லைங்கறது எனக்கு ரொம்ப வருத்தம்.

கேள்வி (ஒரு அப்பா, கோவை): பையனுக்கு நாலு வயசு, மாண்டிசோரில ஒரு வருஷம் முடிச்சிட்டான். எதிர் வீட்டுப் பொண்ணு அ முதல் ஃ வரை எழுதறா, இவன் பென்சிலே பிடிக்கல. பயமா இருக்கு.

பதில்: பயப்படாதீங்க சார், கை தயாராயிட்டு இருக்கு. சிலிண்டர் கட்டைன்னு ஒண்ணு இருக்கும், மேல சின்ன குமிழ் வச்சிருக்கும், அதை அவன் மூணு விரலால எடுத்து எடுத்து குழில போடறான் பாருங்க, பென்சில் பிடிக்கற அதே மூணு விரல். அப்புறம் உப்புத்தாள்ல வெட்டி அட்டைல ஒட்டின எழுத்து, அதை ரெண்டு விரலால தடவிக்கிட்டே சத்தத்தை சொல்லுவான். எழுத்தோட வடிவம் முதல்ல விரலுக்குள்ள போகுது, பென்சில் அப்புறம்தான்.

நம்ம தமிழுக்கு நான் அ, ஆன்னு ஆரம்பிக்கறதில்ல. ட, ப, ம இந்த மூணுதான் முதல்ல, கோடு சுலபம். மூணே எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தா படம், மடம், பட்டம், மட்டம்னு நாலு வார்த்தை கைல வந்துரும், நாலு வயசுல அது எவ்ளோ பெரிய சந்தோஷம் தெரியுமா! கஷ்டம் எங்க வருதுன்னா ‘கொ’ மாதிரி எழுத்துல. காதுல க் முதல்ல, ஒ அப்புறம், ஆனா எழுதும்போது கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் நிக்குது. இதை எப்படி அடுக்கிக் காட்டறதுன்னு நாங்க டீச்சருங்க ஒண்ணு கூடும்போதெல்லாம் இன்னும் பேசிட்டேதான் இருக்கோம். ஒரு ஆறு மாசம் பொறுங்க, எதிர் வீட்டோட மட்டும் ஒப்பிடாதீங்க.

கேள்வி (இல்லத்தரசி, திருச்சி): எனக்கு மாண்டிசோரி டீச்சர் ஆகணும்னு ஆசை. என்ன படிக்கணும்? சம்பளம் வருமா?

பதில்: சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்ல ட்ரெய்னிங் மையங்கள் இருக்கு. ரெண்டு வாரத்துல சர்டிஃபிகேட்னு யாராவது சொன்னா சேராதீங்க. நல்ல கோர்ஸ்ல ஒவ்வொரு சாமானையும் எப்படி காமிக்கணும்னு நீங்களே ஆல்பம் தயார் பண்ணணும், பல மணி நேரம் வாயே திறக்காம க்ளாஸைப் பாத்துட்டு உக்காரணும், அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது. சம்பளம் ஆரம்பத்துல கம்மிதான், மறைக்க விரும்பல, இந்த வேலைக்கு இன்னும் நிறைய தரணும். நான் முதல்ல சேர்ந்த இடத்துல ஒரு ஹாலுக்கு நாப்பது குழந்தைங்க, நான் ஒருத்தி, சாமான் அலமாரி பூட்டியே கிடக்கும், பேரன்ட்ஸ் வர்ற அன்னிக்கு மட்டும் திறப்பாங்க. அழுதுட்டுதான் வெளிய வந்தேன். அதனால வேலைல சேர முன்னாடி அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க. கூட இருக்கற சீனியர் டீச்சருங்க நல்லவங்களா அமைஞ்சா பாதி படிப்பு அங்கதான். ஒரு அக்கா எனக்கு சொன்னாங்க, குழந்தை தடுமாறும்போது உன் கையைப் பின்னாடி கட்டிக்கோன்னு.

கேள்வி (ஒரு அம்மா, சேலம்): தினமும் என்ன பண்ணினேன்னு கேட்டா தண்ணி ஊத்தினேன்னு மட்டும் சொல்றா என் பொண்ணு. இதுக்கா இவ்ளோ ஃபீஸ்?

பதில்: போன மாசம் எங்க க்ளாஸ்ல ஒரு மூணு வயசுப் பையன், ரெண்டு சின்ன கூஜா, ஒரு தட்டு, ஒரு ஸ்பாஞ்சு. இதுல இருந்து அதுல ஊத்துவான், கொஞ்சம் சிந்தும், குனிஞ்சு பாப்பான், துடைப்பான், ஸ்பாஞ்சைப் பிழிவான், திரும்ப ஊத்துவான். முப்பத்தஞ்சு நிமிஷம்! பக்கத்துல ரெண்டு பேர் சண்டை போட்டாங்க, திரும்பிக்கூட பாக்கல. எனக்கு எழுந்து போய் கூஜாவைப் பிடிச்சுக்கணும் போல கை துறுதுறுன்னுச்சு, பின்னாடி கட்டிக்கிட்டேன். கடைசில ஒரு சொட்டு சிந்தாம ஊத்தினான், யாரையும் பாக்கல, பாராட்டும் எதிர்பாக்கல, தட்டைத் தூக்கிக்கிட்டுப் போய் இருந்த இடத்துல வச்சான். உங்க பொண்ணு தண்ணி ஊத்தினேன்னு சொல்றது இதைத்தான். சாமான் ஒண்ணும் வாங்க வேணாம், ஞாயித்துக்கிழமை அவளுக்குத் தூக்க முடியற மாதிரி ஒரு சின்ன சொம்பைக் குடுத்து, சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லார் டம்ளர்லயும் தண்ணி ஊத்தச் சொல்லுங்க, துடைக்க ஒரு துணியும் பக்கத்துல வைங்க.