நாத்தனார் கொடுத்த பேஸ்கட்பால் கூடை

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் போன மாதம் வந்தபோது, அவர் பிள்ளைகள் விளையாடி முடித்த சாமான்களை ஒரு பெட்டி நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு பிளாஸ்டிக் பேஸ்கட்பால் கூடை. என் இரண்டு வயது மகன் அதை விட்டு நகர்வதே இல்லை. இந்த மாதிரிக் கூடைகளைக் கம்பெனிகளே திரும்பப் பெற்றதாக இப்போது கேள்விப்படுகிறேன். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பேத்திக்குக் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு ஆகாதது அந்தக் குழந்தைக்கும் ஆகாது.

நீங்கள் கேள்விப்பட்டது வதந்தி இல்லை. 1998 டிசம்பரில் ஒன்பது கம்பெனிகளின் பொம்மை பேஸ்கட்பால் வலைகளைத் திரும்பப் பெறுவதாக அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. வளையத்தின் கொக்கியிலிருந்து வலை கழன்று தொங்கும். இல்லாவிட்டால் முடிச்சு நழுவிக் கண்ணி பெரிதாகும். அதற்குள் தலையை விட்ட குழந்தையின் கழுத்து மாட்டிக்கொள்ளும்.

உங்கள் வீட்டுக் கூடையின் வலையைக் கீழ்நோக்கி ஓர் இழு இழுத்துப் பாருங்கள். கொக்கி விட்டுக்கொடுக்கிறதா? முடிச்சை விரலால் தள்ளினால் நகர்கிறதா? இரண்டில் ஒன்று நடந்தாலும் கத்தரிக்கோலை எடுத்து வலையை வெட்டி எறியுங்கள். வலை இல்லாவிட்டாலும் பந்து விழத்தான் போகிறது. உங்கள் மகனுக்கு அது ஒரு குறையே இல்லை.

அப்புறம் கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள். 2009 ஆகஸ்டுக்குப் பிறகு தயாரான குழந்தைப் பொருள் என்றால், யார், எப்போது தயாரித்தது என்ற விவரம் பொருளிலேயே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதைப் படம் பிடித்து நாத்தனாருக்கு அனுப்புங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் தேடிச் சொல்லிவிடுவார். திரும்பப் பெற்ற பொருளை அங்கே விற்பதே குற்றம்.

தொல்லை என்னவென்றால், அறிவிப்பு காசு கொடுத்து வாங்கியவரைத் தேடித்தான் போகும். பொம்மையோ கைமாறிக்கொண்டே இருக்கும். புல்வெளியில் வீசி விளையாடும், உலோக முனை வைத்த பெரிய அம்புகள் அமெரிக்காவில் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டன. 1987-ல் கலிபோர்னியாவில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி அப்படி ஓர் அம்பு தலையில் பாய்ந்து இறந்துபோனாள். அவளுடைய அப்பா விடாமல் போராடி, 1988 டிசம்பரில் விற்பனைக்குத் தடை வந்தது. ஆனால் 1997-ல் இண்டியானாவில் இன்னொரு குழந்தைக்கு அதே அம்பால் மூளையில் காயம். பழசையெல்லாம் அழித்துவிடுங்கள் என்று ஆணையம் மறுபடியும் கெஞ்ச வேண்டியிருந்தது. (நம் பம்பரத்து ஆணியைப் பற்றி இங்கே நான் வாயைத் திறக்கவில்லை.)

இங்கே கடையில் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். ஒரு சங்கடம்: ‘விளையாட்டுச் சாமான்’ என்று விற்கும் நிஜ மட்டை, பந்துகள் பொம்மைக் கணக்கில் வராது. அங்கே உங்கள் கண்ணும் கையும்தான் சோதனைக்கூடம்.

சரி, கூடை தேறாது என்று தெரிந்தால் குப்பைத் தொட்டி ஓரமாக முழுசாக வைத்துவிட்டு வராதீர்கள். சாயங்காலத்துக்குள் அது வேறு வீட்டு வாசலில் இருக்கும். வளையத்தை உடைத்துப் போடுங்கள். அந்தப் பேத்திக்குப் புதிதாக ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுங்கள். மூன்று வயது ஆகவில்லை என்றால் நாலரை சென்டிமீட்டரைவிடப் பெரிய பந்தாகப் பாருங்கள். சின்னது தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.