கையெழுத்துதானே, போட்டுவிடலாமா?

கேள்வி: நாங்கள் டெக்ஸஸில், டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். சொந்த ஊர் விருதுநகர். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. ஒன்றரை வருடமாக இருவருக்கும் வீட்டிலேயே நான்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். படிப்பு நன்றாகப் போகிறது, ஆனால் பிள்ளைகளுக்குச் சேக்காளி இல்லை. பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்கூல் கோ-ஆப்பில் (வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து முறைவைத்துப் பாடம் நடத்தும் குழு) சேரப் போனால், விசுவாச அறிக்கை என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். பைபிளில் உள்ளது அத்தனையும் பிழையற்றது, இயேசு ஒருவரே மீட்பர் என்றெல்லாம் இருந்தது. "கையெழுத்துதானே, போட்டுவிட்டுச் சேர்த்துவிடு" என்கிறார் கணவர். நாற்பது நிமிடத் தூரத்தில் 'செக்யுலர், இன்க்ளூசிவ்' என்று ஒரு குழு இருக்கிறதாம். நாங்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள். செக்யுலர் என்றால் சாமி இல்லை என்கிறவர்களா? அங்கே 'எல்லா மாதிரி' குடும்பங்களும் வருவதாகத் தோழி சொன்னாள், அதுவும் தயக்கமாக இருக்கிறது. பேசாமல் நம் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து நாங்களே ஒன்று தொடங்கிவிடலாமா? என் கணவர் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், நான் அவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில்.
– பெயர் வேண்டாம், டெக்ஸஸ்

பதில்: முதலில் அந்தத் தாளை எடுத்து இன்னொரு முறை படியுங்கள். "இவற்றை நான் விசுவசிக்கிறேன்" என்று இருக்கிறதா, "குழு இந்த நம்பிக்கையின்படி நடக்கிறது என்று அறிவேன், அதற்கு மாறாக அங்கே பேசமாட்டேன்" என்று இருக்கிறதா? சில குழுக்களில் பாடம் நடத்துகிறவர்கள் மட்டும் முதல் வகையில் கையெழுத்திட வேண்டும், மற்ற பெற்றோருக்கு இரண்டாவது போதும். இரண்டாவது என்றால் உங்கள் மனசுக்குச் சம்மதமானால் போடலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகை போலத்தான் தெரிகிறது. அப்படியென்றால் போடாதீர்கள்.

உங்கள் கணவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நெற்றியில் திருநீற்றோடு மிஷன் பள்ளிக்குப் போய், காலை ஜெபம் சொல்லி, சாயங்காலம் வந்து விளக்கேற்றிய பரம்பரைதானே நாம்! எனக்கு இன்றைக்கும் கந்தர் சஷ்டி கவசத்தைவிட அந்த ஜெபம்தான் தடங்கல் இல்லாமல் வரும். ஆனால் என்னைச் சேர்க்கப் போன அப்பாவிடம், நீர் இதை நம்புகிறீரா என்று யாரும் எழுதி வாங்கவில்லை. இங்கே எழுதித் தரச் சொல்கிறார்கள். தங்கள் பிள்ளைகளைத் தங்கள் விசுவாசத்தில் வளர்ப்பதற்காகவே கூடியிருக்கிற ஜனங்கள் அவர்கள், அது அவர்கள் உரிமை. நம்பாததை நம்புவதாக எழுதிக்கொடுத்து அவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் அவர்களைத்தான் ஏய்க்கிறோம். அதோடு, உங்கள் மகளுக்கு 9 வயது. அந்தத் தாளை உங்களைவிட வேகமாகப் படிப்பாள். "அம்மா, நீ இதை நம்புறியா?" என்று காரில் வைத்துக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இனி அந்த இரண்டாவது குழு. செக்யுலர் என்ற சொல் நம் காதுக்கு இரண்டு விதமாக விழும். ஒன்று, மேடையில் பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே மூச்சில் வாழ்த்துச் சொல்வது. மற்றது கறுப்புச் சட்டை. அமெரிக்க ஹோம்ஸ்கூல் வட்டாரத்தில் இந்த இரண்டும் இல்லை. அங்கே நடக்கும் பாடத்துக்குள் மதம் வராது, அவ்வளவுதான் அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிற குடும்பமும் அங்கே இருக்கும், யூதரும் முஸ்லிமும் எதிலும் நம்பிக்கை இல்லாதவரும் இருப்பார்கள். உங்கள் வெள்ளிக்கிழமை விளக்கை யாரும் ஊதி அணைக்கப்போவதில்லை. ஒன்று சொல்லிவைக்கிறேன்: கூடுகிற இடம் ஏதாவது ஒரு சர்ச் கூடமாக இருந்தால் மிரண்டு வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். வாரநாளில் காலியாகக் கிடக்கிற, வாடகை கட்டுப்படியாகிற இடம் அதுதான் என்பதால் செக்யுலர் குழுக்களும் அங்கே கூடுவது சகஜம்.

செக்யுலர், இன்க்ளூசிவ் என்று இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்வதால் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். செக்யுலர் என்பது என்ன சொல்லித்தருகிறார்கள் என்பதைப் பற்றியது. இன்க்ளூசிவ் என்பது யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியது. 'யாரும் வரலாம்' என்று வாய் நிறைய அழைத்துவிட்டு, அறிவியல் வகுப்பில் உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்று நடத்துகிற குழுவும் உண்டு. பாடம் சுத்தமான அறிவியலாக இருந்து, புதிதாக வந்தவரிடம் முகம்கொடுத்துப் பேசாத குழுவும் உண்டு. ஆகவே தனித்தனியாகக் கேளுங்கள்.

மூன்றாவதாக 'நியூட்ரல்' என்று ஒரு வகைப் பாடத்திட்டமும் உண்டு. அதில் மதமும் இருக்காது, பரிணாமமும் இருக்காது. பூமியின் வயதைக் கேட்டால் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். சண்டை வராமல் இருக்க இது நல்ல உபாயம். ஆனால் 9 வயதுப் பிள்ளைக்கு டைனோசரைப் பற்றிச் சொல்லித்தர இது போதாது.

டைனோசர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நானும் சில வருடம் ஃபோர்ட்வொர்த்தில் இருந்தவள். உங்கள் வீட்டிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரத்தில் கிளென் ரோஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே பலக்ஸி ஆற்றின் படுகையில், சுண்ணாம்புப் பாறை மேல், 11 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்துபோன டைனோசர்களின் காலடித் தடங்கள் அப்படியே கிடக்கின்றன. தண்ணீரில் இறங்கி அந்தக் குழிக்குள் நம் காலை வைத்துப் பார்க்கலாம். இப்போது அது டைனோசர் வேலி ஸ்டேட் பார்க். அந்தப் பூங்காவுக்குப் போகிற சாலையிலேயே, மனிதனும் டைனோசரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்று சொல்கிற கிரியேஷன் எவிடென்ஸ் மியூசியமும் இருக்கிறது. ஒரே ஆறு, ஒரே பாறை, இரண்டு கதை!

இந்தக் கதையின் ருசியே வேறு. 1930-களின் பொருளாதார மந்த காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் சிலர் நிஜமான டைனோசர் தடங்களை வெட்டி விற்றார்கள், ராட்சத மனிதப் பாதம் போலவும் கல்லில் செதுக்கி விற்றார்கள். அப்படி ஒரு போலிப் பாதத்தை நியூ மெக்ஸிகோவில் ஒரு கடையில் பார்த்துச் சந்தேகப்பட்டுத்தான், நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரோலண்ட் பேர்ட் 1938-இல் கிளென் ரோஸுக்குத் தேடி வந்தார். வந்த இடத்தில் அசல் கிடைத்தது. ஆற்றில் மனிதத் தடம் போல நீளமாகத் தெரிபவற்றில் பல, டைனோசர் குதிகால் பகுதியும் பதிய நடந்து, விரல் பதிந்த பள்ளம் பிறகு சேற்றால் மூடிப்போனவை.

எந்தக் குழுவில் சேரப் போனாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "கிளென் ரோஸுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால் எந்த இடத்துக்குப் போவீர்கள், என்ன சொல்வீர்கள்?" பதில் சொல்கிறவரின் முகத்திலேயே மொத்தப் பாடத்திட்டமும் தெரிந்துவிடும். "அதை அந்தந்தப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம்" என்றால் அதுதான் நியூட்ரல்.

உங்கள் பக்கம் ஏன் விசுவாச அறிக்கை கேட்கிற குழுக்களே அதிகம் கண்ணில் படுகின்றன என்பதற்குக் காரணம் உண்டு. 1977-இல் அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் ஜான் ஹோல்ட் வீட்டுக்கல்விக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கியபோது அதில் மதம் இல்லை, பள்ளிக்கூடத்தின் மீது அவருக்கு இருந்த அதிருப்திதான் இருந்தது. 80-களில் சுவிசேஷக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெருவாரியாக வந்தன. வீட்டுக்கல்வி உரிமைக்காக வழக்குகள் பலவற்றை நடத்தியதும் அவர்கள்தான். டெக்ஸஸில் லீப்பர் வழக்கு 1994-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் முடிந்து, வீட்டுக்கல்வியும் தனியார் பள்ளிக்குச் சமம் என்று ஆனது. நீங்கள் யாரிடமும் பதிவு செய்யாமல் சமையலறை மேஜையில் நிம்மதியாகப் பாடம் நடத்துவது அந்த வழக்கின் புண்ணியம், மறந்துவிட வேண்டாம். ஆனால் கூட்டம் மாறிவருகிறது. சென்சஸ் துறையின் கணக்கில், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 2020 வசந்தத்தில் 5.4 சதவீதமாக இருந்த ஹோம்ஸ்கூல் குடும்பங்கள், அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் 11.1 ஆயின. கறுப்பினக் குடும்பங்களில் 3.3 சதவீதம் 16.1 ஆனது.

இப்போது நீங்கள் பட்டும்படாமல் எழுதியிருக்கும் அந்த 'எல்லா மாதிரி'. இரண்டு அம்மாக்கள் உள்ள குடும்பம் வரும். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிற பிள்ளை வரலாம். வகுப்பு நடுவே கத்துகிற, ஆட்டிசம் உள்ள பையன் வருவான். தங்கச்சி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்த முதல் குழுவின் வாசலில் நீங்கள்தானே 'எல்லா மாதிரி'? உங்களை விடாத கதவின் முன்னால் நின்று மனசு நொந்துவிட்டு, திறந்திருக்கிற கதவிடம் போய், எங்களுக்கு மட்டும் திற என்றால் எப்படி? அந்தக் குடும்பங்களைப் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். "அவங்க வீட்ல ரெண்டு அம்மா" என்று சொல்லிவிட்டால் 6 வயதுப் பையன் அடுத்த கேள்வியாக நாய் இருக்கிறதா என்றுதான் கேட்பான். தயக்கம் நமக்குத்தான். அதை முற்றிலும் உதறிவிட்டுப் போகவேண்டும் என்று சொல்லமாட்டேன், கூட எடுத்துக்கொண்டே போங்கள். அங்கே அதைக் காட்டாமல் இருந்தால் போதும், பழகப் பழகத் தானே இறங்கும். அறவே முடியாது என்று தோன்றினால் சேராதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

தமிழ்க் குடும்பங்கள் மட்டும் சேர்ந்து தொடங்குவதில் எனக்கு உற்சாகம் இல்லை. தமிழுக்கு வார இறுதித் தமிழ்ப் பள்ளி இருக்கிறது, கும்பிடக் கோயில் இருக்கிறது. நாலைந்து வீடு என்று தொடங்கினால் இரண்டே மாதத்தில் யார் எந்த ஊர், யார் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்ற விசாரிப்பு வந்துவிடும். அதன் உள்ளர்த்தம் உங்களுக்குத் தெரியாததா? தாளில் எழுதாத விசுவாச அறிக்கை அது.

குழுவில் பணம் கட்டுமுன் குழுவின் பிள்ளைகள் பூங்காவில் கூடி விளையாடும் 'பார்க் டே'க்கு இரண்டு மூன்று முறை சும்மா போய்ப் பாருங்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாமா, கூடவே இருக்க வேண்டுமா, பெரியவர்களுக்குப் பின்னணிச் சரிபார்ப்பு செய்கிறார்களா என்று விசாரியுங்கள். கோ-ஆப் என்றால் உங்களுக்கும் வேலை விழும். அப்போது தீபாவளி, கோலம், மருதாணி என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், காலத்துக்கும் 'கலாச்சார ஆன்ட்டி'யாகவே வைத்துவிடுவார்கள். கணக்குப் பாடம் நடத்துகிறேன் என்று சொல்லுங்கள்.

ஆனால் காசு வாங்காதீர்கள். ஹெச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது. பாடம் நடத்தினால் உங்கள் பிள்ளைகளின் கட்டணத்தைக் கழிக்கிறோம் என்பார்கள், அதுவும் ஊதியமாகக் கருதப்படலாம். குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஒருவேளை ஊர் திரும்பினால் படிப்பு என்னாகும் என்ற பயம் இருந்தால், 14 வயது நிறைந்த பிள்ளை என்ஐஓஎஸ் என்ற இந்திய தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாரியத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

கிளென் ரோஸுக்குப் போவதானால் கோடையின் கடைசியில் போங்கள். தண்ணீர் வற்றினால்தான் தடங்கள் நன்றாகத் தெரியும். பாறை வழுக்கும், நனைந்தாலும் பரவாயில்லை என்கிற பழைய ஷூவைப் போட்டு அழைத்துப் போங்கள். இரண்டு அம்மா வீட்டுப் பிள்ளைகளுக்கும் காரில் இடம் இருக்குமல்லவா?