வாங்கும் முன் கேளுங்கள்: தூக்கம் என்று சொல்லி விற்கப்படுபவை

கேள்வி: பையனுக்கு 2 மாதம். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அழுகிறான். எதை வாங்கினால் விடியும்வரை தூங்குவான்? (தண்டையார்பேட்டை)

பதில்: எதையும் வாங்காதீர்கள். வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரிக்கும், அதனால் பசிக்கிறது. இரவு பகல் வித்தியாசம் உடம்புக்குப் பழகவே மூன்று நான்கு மாதம் ஆகும். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் வையுங்கள். ராத்திரி டியூப்லைட் போடாமல் ஜீரோ வாட்ஸ் வெளிச்சத்தில் பால் கொடுங்கள், கொஞ்சிப் பேச வேண்டாம். மலம் போயிருந்தாலோ நன்றாக நனைந்திருந்தாலோ மட்டும் துணி மாற்றினால் போதும். ஆனால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ உடனே கிளம்புங்கள்.

கேள்வி: தூளியைத் தானாக ஆட்டும் மோட்டார், 4,800 ரூபாய். ஒன்பதாம் நாள் கரகரவென்று சத்தம், பிறகு நின்றேவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் இருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார்… (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: அந்த ஒரு வரியைக் காட்டி இந்த ஊரில் எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள்! கைக்குழந்தையோடு வந்து நிற்பவரிடம் அதை நீட்டுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். பில் தராமல் விற்பதும் அதே சட்டப்படி தவறு. நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இது பொருந்தாது. உங்களுடையது பழுது. நியாயம் உங்கள் பக்கம்.

மோட்டார் கரகரப்பதையும் நிற்பதையும் வீடியோ எடுங்கள். பில், அட்டைப்பெட்டி, வாரண்டி அட்டை மூன்றையும் எறியாதீர்கள். பணம் கட்டிய தேதி, பழுதான தேதி, கேட்கும் தொகை எழுதி கடைக்காரருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் பகுதியை வைத்தே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும்.

பணம் வந்ததும் இன்னொரு மோட்டார் வாங்க வேண்டாம். பெட்டியில் எழுதியிருக்கும் எடை வரம்பில் தூளி, கம்பி, ஸ்பிரிங் எல்லாம் அடக்கம். அதைத் தாண்டினாலும், கொக்கி நேராகத் தொங்காமல் சாய்ந்திருந்தாலும் மோட்டார் திணறும். அதைவிட முக்கியம், தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும்போது முகவாய் நெஞ்சில் அழுந்தி மூச்சு தடைபடலாம். தானாக ஆடுகிறதே என்று பெரியவர்கள் கண்ணயர்ந்தால் அதைக் கவனிக்க ஆள் இல்லை. கையால் ஆட்டுங்கள், தூங்கியதும் எடுத்து, தட்டையான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள்.

கேள்வி: பால் பவுடர் கொடுத்தால் அசந்து தூங்கும் என்று மருந்துக்கடையில் டப்பா கொடுத்தார்கள், பாட்டில் இலவசம். (காசிமேடு)

பதில்: உங்கள் களைப்பை வைத்து வியாபாரம் செய்திருக்கிறார்கள். குழந்தைப் பால் உணவுகள், பாட்டில்கள் குறித்து 1992-இல் வந்து 2003-இல் கடுமையாக்கப்பட்ட மத்தியச் சட்டம், இப்படி இலவசம் கொடுத்து ஆசை காட்டுவதைத் தடை செய்கிறது. பவுடர் கொடுத்தால் இரவு முழுக்கத் தூங்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. தாய்ப்பால் போதுகிறதென்றால் டப்பாவைப் பிரிக்காதீர்கள். டாக்டர் சொல்லித்தான் கொடுக்கிறீர்கள் என்றால் கரண்டி அளவு தலைதட்டி, டப்பாவில் உள்ளபடி. வயிறு நிறையட்டும் என்று ஒரு கரண்டி கூடப் போட்டால் மலம் இறுகும், உடம்பில் நீர்ச்சத்து குறையும். கரைத்து இரண்டு மணி நேரம் ஆன பாலைக் கொட்டிவிடுங்கள். பாட்டில் கழுவ ஆள் இல்லாத வீட்டில் பாலாடையில் புகட்டுவதே நல்லது.

கேள்வி: மாமியார், தூங்கட்டும் என்று சளி சிரப் 2 மில்லி ஊற்றுகிறார். குழந்தைக்கு 7 மாதம். (வியாசர்பாடி)

பதில்: இன்றே நிறுத்துங்கள். குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் சேர்ந்த சளி மருந்துகளில், 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று அச்சிட வேண்டுமென 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. பாட்டிலைத் திருப்பி அதை மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: கொசுக்கடியில் குழந்தை எழுந்துகொண்டே இருக்கிறது. குடை வலை வாங்கலாமா? (திருவொற்றியூர்)

பதில்: வாங்குங்கள். நான் வாங்கிய ஒன்றில் கம்பி முனையில் இருந்த குப்பி கழன்று, கம்பி வலையைக் கிழித்துவிட்டது. எனவே கடையிலேயே பத்துத் தடவை விரித்து மடக்கி, முனைகளை இழுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் துணி வைத்து ஜிப் போட்ட கூடார வலை இன்னும் நல்லது. கை கால் வலையில் படாத அளவு பெரிதாக எடுங்கள், ஒட்டிக் கிடந்தால் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். மூடிய அறையில் கொசுவர்த்தி வேண்டாம். மத்தியப் பூச்சிக்கொல்லிப் பதிவு எண் இல்லாத கொசு ஊதுபத்தியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: தள்ளுபடி என்று 'எஸ்' சைஸ் டயப்பர் 4 பெட்டி ஆன்லைனில் வாங்கினேன். ராத்திரி ஒழுகி எழுந்துவிடுகிறாள். எடை 8 கிலோ. பிரித்த பெட்டியை எடுக்க மாட்டார்களாம். (பெரம்பூர்)

பதில்: எப்படி எடுப்பார்கள்? எடை வரம்பு பெட்டியின் மேலேயே இருக்கிறது. 'எஸ்' பொதுவாக 8 கிலோவோடு முடிந்துவிடும், உங்கள் மகளுக்கு 'எம்' வேண்டும். வளரும் குழந்தைக்கு நான்கு பெட்டி ஒரே சைஸில் வாங்குவது சரியில்லை. பிரிக்காத பெட்டிகளையாவது திருப்பக் கேளுங்கள். அடுத்த முறை ஒரு டயப்பரின் விலையைப் பார்த்து, சின்னப் பாக்கெட் ஒன்று. தொடையோரச் சுருக்கம் உள்ளே மடிந்திருந்தாலும் ஒழுகும், விரலால் வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மழைச் சத்தம் போடும் தூக்க மெஷின் நல்லதா? (கொளத்தூர்)

பதில்: மின்விசிறிச் சத்தமே போதும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கட்டிலிலிருந்து ஆறேழு அடி தள்ளி, குறைந்த ஒலியில் வையுங்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் சோதித்த 14 மெஷின்களில் மூன்று, முழு ஒலியில் 85 டெசிபலைத் தாண்டின.

கேள்வி: கடுகுத் தலையணை எந்தக் கடையில் நல்லது? (ராயபுரம்)

பதில்: ஒரு வயது வரை எந்தத் தலையணையும் வேண்டாம். முகம் புதைந்தால் மூச்சு அடைக்கும், தையல் விட்டால் கடுகு வாய்க்குள் போகும்.